பொது நூலகப் பயனாளரின் வாசிப்பு வழக்கமும் விருப்பமும்: 'படித்தல்' என்னும் சொல்லை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பொது நூலகம் மக்களின் வரிப்பணத்தால் மக்களுக்காக நடத்தப்பெறும் நிறுவனம். ஆகவே அதில் எந்நூல்கள் இடம்பெற வேண்டும், அது எந்நேரத்தில் திறந்திருக்க வேண்டும், எம்மொழி நூல்களுக்கு எவ்வளவு தொகை ஒதுக்கப்பெற வேண்டும் என்பனவற்றை முடிவு செய்வதற்குப் பயனாளரின் வாசிப்பு வழக்கமும் விருப்பமும் அடிப்படையாக அமைதல் முறையாகும். இவ்விரண்டையும் அறியும் பொருட்டு நூலகத்துறையினரும் ஆய்வாளர்களும் வினாநிரல் வழியாகவும் பதிவேடுகள் வழியாகவும் தரவுகளைத் திரட்டி வருகின்றனர்.

எனினும், வழக்கம் என்பதும் விருப்பம் என்பதும் ஒன்றல்ல. ஒருவர் நாள்தோறும் செய்வது வழக்கம். வாய்ப்புக் கிடைப்பின் செய்ய விழைவது விருப்பம். கிடைக்கும் நூல்களுள் ஒன்றை எடுத்துச் செல்பவர் அதனையே விரும்பினார் என்று கொள்வதற்கில்லை. இவ்வேறுபாட்டோடு மொழி சார்ந்த சிக்கல் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. வாசிப்பைக் குறித்து இந்திய மொழிகளில் எழுப்பப்பெறும் வினாக்களில் இடம்பெறும் வினைச்சொல், பல மொழிகளில் இருபொருள் தருவதாக உள்ளது. இதனால் தரவுகள் திரிபடைகின்றன. திரிந்த தரவுகளைக் கொண்டு நூலகத்தின் எதிர்காலம் முடிவு செய்யப்படுகிறது. இச்சிக்கல்களின் இயல்பினையும், அவற்றைக் களையும் வழிகளையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இந்தியப் பொது நூலகங்களும் வாசகரைப் பற்றிய கருத்தும்

இந்தியாவில் பொது நூலகங்கள் ஒரே வகையான வாசகரை மனத்திற்கொண்டு தோன்றியவை அல்ல. பரோடா அரசில் மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், அமெரிக்க நூலகரான வில்லியம் ஆலன்சன் போர்டனை 1910-இல் வரவழைத்து நூலக அமைப்பு ஒன்றை உருவாக்கினார். மைய நூலகத்தோடு ஊர்ப்புற நூலகங்களும், பெட்டிகளில் நூல்களை வைத்து ஊர்தோறும் அனுப்பும் பயண நூலகங்களும் அங்கு அமைந்தன. தெலுங்கு வழங்கும் பகுதியில் நூலக இயக்கம் தாய்மொழி உணர்வோடும் விடுதலை உணர்வோடும் இணைந்து வளர்ந்தது. 1914-இல் விசயவாடாவில் ஆந்திர நாட்டு நூலகச் சங்கம் தோன்றியது. கிருட்டிணை ஆற்றுப் பாசனக் கால்வாய்களில் 1930-களில் படகு வழியாகவும் நூல்கள் வழங்கப்பட்டன. தமிழகத்தில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் 1931-இல் மாட்டுவண்டி நூலகம் தொடங்கப்பெற்றது. இவை யாவும் நூலகத்தை நாடி வர இயலாதவரும் வாசகரே என்னும் கருத்தின் அடிப்படையில் எழுந்தவை.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இக்கருத்திற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தன. நூல்கள் பயன்பாட்டிற்குரியவை என்பதும், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பதும் அவற்றுள் முதன்மையானவை. இரண்டாம் விதி ஈண்டு சிறப்பாகக் கருதத்தக்கது. அது பெரும்பான்மையோரின் விருப்பத்தை மட்டும் பேசவில்லை. தனி ஒருவரின் தேவையையும் நூலகத்தின் கடமைக்குள் அடக்குகிறது. அவருடைய முயற்சியின் பயனாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவதாகும். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி திரட்டும் முறையை இச்சட்டம் ஏற்படுத்தியது.

1951-இல் யுனெஸ்கோவின் துணையுடன் தொடங்கப்பெற்ற தில்லிப் பொது நூலகம் மற்றொரு மைல்கல்லாகும். கட்டணமின்றி நூல் வழங்குதல், வாசகரே அடுக்குகளிடையே சென்று நூலைத் தெரிவு செய்யும் திறந்த அடுக்கு முறை, புதிதாக எழுத்தறிவு பெற்றோருக்கெனத் தனி நூல்கள் ஆகியவை அங்குச் செயல்முறைக்கு வந்தன. அதன் பணிகளை மதிப்பிட்டு பிராங்க் கார்ட்னர் எழுதிய அறிக்கையை யுனெஸ்கோ 1957-இல் வெளியிட்டது. கேரளத்தில் பி. என். பணிக்கரின் முயற்சியால் 1945-இல் உருவான நூலகச் சங்கம், ஊர்மக்களே நடத்தும் நூலகங்களை ஒன்றிணைத்தது. அவர் மறைந்த சூன் 19-ஆம் நாள் அங்கு வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

வரி வழியாக அரசு நடத்தும் தமிழக நூலகத்திற்கும், ஊரார் நடத்தி அரசு உதவி பெறும் கேரள நூலகத்திற்கும் இடையே வாசகரின் நிலை வேறுபடுகிறது. முன்னதில் அவர் பயனாளர். பின்னதில் உறுப்பினராகவும் நூல் தெரிவில் பங்கேற்பவராகவும் விளங்குகிறார். வாசகரின் விருப்பம் நூலகத்தைச் சென்றடையும் வழியும் இதற்கேற்ப வேறுபடுகிறது.

2. 'படித்தலும்' 'வாசித்தலும்'

தமிழில் 'படித்தல்' என்னும் சொல் நூலைக் கண்ணால் நோக்கிப் பொருள் உணர்தலையும், கல்வி கற்றலையும் ஒருசேரக் குறிக்கிறது. 'அவள் நாவல் படிக்கிறாள்' என்பதும் 'அவள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்' என்பதும் இயல்பான வழக்குகள். 'படிப்பு' என்னும் பெயர்ச்சொல்லோ பெரும்பாலும் கல்வியையே சுட்டுகிறது. 'படித்தவர்', 'படிக்காதவர்' என்பன பள்ளிக் கல்வி பெற்றோரையும் பெறாதோரையும் குறிக்கின்றன. 'வாசித்தல்' என்பது கல்விப் பொருளிலிருந்து விலகி நிற்பினும், இசைக்கருவியை இயக்குதலையும் குறிப்பதோடு, அன்றாடப் பேச்சில் சில வட்டாரங்களிலேயே மிகுதியாக வழங்குகிறது. எழுத்து வழக்கில் 'வாசிப்பு', 'வாசகர்' என்பன நிலைபெற்றுவிட்டன. பேச்சு வழக்கில் 'படித்தலே' ஓங்கி நிற்கிறது.

பிற இந்திய மொழிகளோடு ஒப்பிடுகையில் இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பது புலனாகும். தெலுங்கில் 'சதுவு' என்னும் சொல் வாசிப்பையும் கல்வியையும் குறிக்கிறது. கன்னடத்தில் 'ஓது' என்பது இவ்விரு பொருளையும் ஏற்கிறது. இதற்கு இனமான தமிழ்ச்சொல் 'ஓதுதல்' இன்று சமயநூல்களை ஓதுதல் என்னும் அளவில் பொருள் சுருங்கி வழங்குகிறது. இந்தியின் 'பட்னா', வங்காளத்தின் 'பொடா' ஆகியனவும் இருபொருள் உடையனவே. மாறாக, மலையாளத்தில் 'வாயிக்குக' என்பது வாசித்தலையும், 'படிக்குக' என்பது கற்றலையும் தனித்தனியே குறிக்கின்றன. மராத்தியிலும் 'வாச்ணே' என்பது வாசித்தலுக்கு உரியதாக நிற்க, கற்றலுக்கு 'சிக்ணே' என்னும் வேறு சொல் உள்ளது. அவ்விரு மொழிகளிலும் வாசிப்பிடத்தைச் சுட்டும் 'வாயனசாலை', 'வாசனாலயம்' என்னும் பெயர்களும் வாசித்தற் சொல்லினின்றே பிறந்துள்ளன. தமிழகத்தில் இருபதாம் நூற்றாண்டில் அரசியல், சமூக இயக்கங்கள் ஊர்தோறும் நிறுவிய வாசிப்பிடங்கள் 'படிப்பகம்' என்று பெயர் பெற்றமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. 'நீங்கள் படிப்பதுண்டா?' என்று ஐம்பது அகவை கடந்த தொழிலாளி ஒருவரிடம் வினவினால், 'நான் படிக்கவில்லை' என்று அவர் விடை கூறக்கூடும். அவர் தேநீர்க் கடையில் நாள்தோறும் நாளிதழை எழுத்துக்கூட்டியேனும் வாசிப்பவராக இருக்கலாம். பள்ளிக்குச் செல்லவில்லை என்பதே அவர் கூறிய விடையின் பொருள். நாளிதழைக் குறித்து மக்கள் 'பேப்பர் பார்ப்பேன்' என்று கூறுவதும் வழக்கம். தாம் செய்வதைப் 'படித்தல்' என்று அவர்கள் கருதுவதில்லை. ஆய்வுப் படிவத்தில் இவர் வாசிப்புப் பழக்கம் அற்றவராகப் பதிவு செய்யப்படுவார்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கல்லூரி மாணவர் ஒருவர் 'நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் படிக்கிறேன்' என்று விடை அளிக்கும்போது, அது பாடநூலை மனப்பாடம் செய்யும் நேரமாக இருக்கலாம். படிவத்தில் அவர் மிகுந்த வாசிப்புப் பழக்கம் உடையவராகத் தோன்றுவார். 'புத்தகம்' என்னும் சொல்லும் சிறுவரிடையே பாடநூலையே முதலில் நினைவூட்டுகிறது. பிறவற்றைக் 'கதைப் புத்தகம்' என்று அவர்கள் பிரித்துக் கூறுகின்றனர். ஆங்கில வினாநிரலைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பயன்படுத்தும் ஆய்வுகளில் இத்தகைய பிழைகள் நேர்தல் தவிர்க்க இயலாததாகிறது.

3. வழக்கத்தைக் காட்டும் சான்றுகளும் அவற்றின் எல்லையும்

நூலகத்தில் இயல்பாகவே கிடைக்கும் சான்றுகள் மூன்று: நூல் வழங்கும் பதிவேடு, வருகைப் பதிவேடு, உறுப்பினர் பட்டியல்.

நூல் வழங்கும் பதிவேடு எந்நூல் எத்தனை முறை வெளியே சென்றது என்பதைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் வீட்டிற்குச் சென்ற நூலை வாசித்தவர் யார் என்பதை அது காட்டுவதில்லை. ஓர் உறுப்பினர் அட்டையில் பெறப்படும் நூலை அக்குடும்பத்தின் பலரும் வாசிப்பதுண்டு. ஆண் ஒருவர் பெயரில் தொடர்ந்து குடும்ப நாவல்கள் வழங்கப்பட்டிருப்பின், அவற்றை வாசிப்போர் அவருடைய தாயோ மனைவியோ மகளோ ஆகலாம். நூலகத்திற்கு நேரில் வர இயலாத பெண்களின் வாசிப்பு இவ்வாறு ஆண்களின் கணக்கில் மறைந்துவிடுகிறது. பெண் வாசகர் குறைவு என்று இத்தரவிலிருந்து முடிவுசெய்து, பெண்களுக்குரிய வசதிகளைக் குறைத்தல் காரணத்தை விளைவாகக் கொள்ளும் தவறாகும்.

வருகைப் பதிவேடு வந்தோரின் எண்ணிக்கையைத் தரும். வந்து என்ன செய்தனர் என்பதைத் தருவதில்லை. நாளிதழ், பருவ இதழ் வாசகர்கள் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் நாள்தோறும் காணப்படும் பயனாளர்கள். இவர்களில் பலர் உறுப்பினரல்லர். நூல் எடுத்துச் செல்வதில்லை. சிலர் வருகைப் பதிவேட்டில் கையொப்பமும் இடுவதில்லை. நூலகத்தை மிகுதியாகப் பயன்படுத்துவோருள் ஒரு பிரிவினர் மிகக் குறைந்த சுவட்டையே விட்டுச் செல்கின்றனர்.

உறுப்பினர் பட்டியலோ காப்புத்தொகையும் சந்தாவும் செலுத்த இயன்றோரின் பட்டியலாகும். தொகை சிறிதாயினும், முகவரிச் சான்று கேட்கப்படும் இடங்களில் வாடகை வீட்டினரும் இடம்பெயர்ந்து வந்த தொழிலாளரும் இதில் இடம்பெறுதல் அரிது.

4. விருப்பத்தை வரையறுக்கும் காரணிகள்

4.1 இருப்பு: வாசகர் தமக்கு முன் உள்ள அடுக்கிலிருந்தே தெரிவு செய்கிறார். அடுக்கில் இல்லாத நூலுக்கு வழங்கல் எண்ணிக்கை சுழியமாகவே இருக்கும். அறிவியல் நூல்களை வாங்காத நூலகத்தில் அறிவியல் நூல்களுக்கு வாசகர் இல்லை என்று பதிவேடு கூறும். அக்கூற்றைச் சான்றாகக் காட்டி மறு ஆண்டும் அவை வாங்கப்படாமல் போகலாம். தமிழகத்தில் நூலகக் கொள்முதல் பதிப்புத்துறையின் முக்கிய ஆதாரங்களுள் ஒன்றாக இருந்து வருவதால், இச்சுழற்சி வாசகரை மட்டுமன்றி, எவ்வகை நூல் எழுதப்படுகிறது என்பதையும் பாதிக்கிறது.

4.2 மொழி: நகர்ப்புற நூலகங்களின் பயனாளர் ஒரே தாய்மொழியினர் அல்லர். தில்லிப் பொது நூலகம் தொடக்கத்திலேயே இந்தி, உருது, ஆங்கில நூல்களை வழங்கியது. தமிழகத்தின் எல்லைப்புற மாவட்டங்களில் தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுவோரும், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் உருது பேசுவோரும் வாழ்கின்றனர். இம்மொழி நூல்கள் போதிய அளவில் இல்லாதபோது அவர்கள் மாநில மொழியில் வாசிக்கின்றனர், அல்லது நூலகத்தை விட்டு நீங்குகின்றனர். முதல் நிலை விருப்பமாகத் தவறாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டாம் நிலை கணக்கிற்கே வருவதில்லை.

4.3 நேரமும் தொலைவும்: தொழிலாளரும் வேளாண் கூலியினரும் பணி முடிந்து வரும் வேளையில் நூலகம் மூடப்பட்டிருப்பின் அவர்களுடைய விருப்பம் வெளிப்பட வழியில்லை. பொழுது சாய்ந்த பின் பெண்கள் தனியே வந்து செல்வதற்கு ஏற்ற இடத்தில் நூலகம் அமையாதபோதும் இதுவே நிலை.

4.4 எழுத்தறிவு: 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏழு வயதிற்கு மேற்பட்டோருள் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர், ஆண்களுள் ஏறத்தாழ 81 விழுக்காட்டினர், பெண்களுள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர். எனினும் எழுத்தறிவு வாசிப்பாகத் தானே மலர்ந்துவிடுவதில்லை. தேசியப் புத்தக நிறுவனத்திற்காக 2009-இல் நிகழ்த்தப்பெற்ற இளைஞர் வாசிப்பு ஆய்வு, எழுத்தறிவு பெற்ற இளைஞருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியினரே நூல் வாசகர் என்று காட்டியது. எழுத்தறிவிற்கும் வாசிப்பிற்கும் இடைப்பட்ட இவ்வெளியை நிரப்புவதே பொது நூலகத்தின் தனிப்பணி எனலாம்.

5. புனைகதை விருப்பம்

நூல் வழங்கும் பதிவேடுகளில் புனைகதை முன்னிற்பது பொதுவாகக் காணப்படும் நிலை. இதனை வாசகரின் தாழ்ந்த சுவைக்குச் சான்றாகக் கொள்வோர் உளர். வாசிப்பின் வரலாறு இக்கருத்திற்கு இடந்தரவில்லை. இந்தியில் தேவகிநந்தன் கத்ரி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'சந்திரகாந்தா' என்னும் மாயக்கதையை வாசிப்பதற்காகவே பலர் தேவநாகரி எழுத்தைக் கற்றனர் என்று இந்தி இலக்கிய வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். தமிழில் 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' இன்றளவும் வாசகரைப் பெற்றுள்ளது. இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தைத்துக் கட்டமைத்து, அண்டை அயலாருக்கு இரவல் வழங்கிய வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இருந்தது. அது நூலகம் சென்றடையாத இடத்தில் மக்களே அமைத்துக்கொண்ட நூலகமாகும்.

மொழிபெயர்ப்புப் புனைகதையும் ஈண்டுக் கருதத்தக்கது. மராத்தி நாவலாசிரியர் வி. ஸ. காண்டேகரின் படைப்புகள் கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் தமிழாக்கத்தில் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றன. வங்க நாவல்களும் அவ்வாறே தமிழர் இல்லங்களில் இடம்பெற்றன. பிறமொழி இலக்கியம் என்னும் தலைப்பில் தனி அடுக்கில் வைக்கப்படும் நூல்களை வாசகர் தாமே தேடிச் செல்வது குறைவு; தமிழ் நாவல்களோடு ஒருங்கே வைக்கப்படின் அவை எளிதில் கைக்கு எட்டும். நூல்களை அடுக்கும் முறையும் விருப்பத்தை உருவாக்குகிறது என்பது இதனால் பெறப்படும்.

6. போட்டித் தேர்வுப் பயனாளர்

அண்மைக் காலத்தில் பொது நூலகங்களின் வாசிப்புக் கூடங்களைப் பெரிதும் நிரப்புவோர் போட்டித் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்யும் இளைஞர்கள். இவர்களுள் பலர் தம் சொந்த நூல்களையும் குறிப்பேடுகளையும் கொண்டுவந்து பயில்கின்றனர். சென்னையில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொணர்ந்து படிப்பதற்கெனத் தனிப்பகுதியே அமைக்கப்பட்டுள்ளது. சிறிய வீட்டில், பலரோடு ஓர் அறையைப் பகிர்ந்து வாழும் இளைஞருக்கு நூலகம் அளிப்பது நூல் மட்டுமன்று. மின்விளக்கு, மேசை, அமைதி ஆகியனவுமாகும்.

'படித்தல்' என்னும் சொல்லின் இருபொருள் இங்குதான் நடைமுறைச் சிக்கலாக உருவெடுக்கிறது. பரந்த பொருளில் கொண்டால், கூடம் நிறைந்திருப்பதால் படிக்கும் பழக்கம் ஓங்கியுள்ளது என்று முடிவுசெய்து, பொது நூல்களுக்குரிய தொகையைத் தேர்வு வழிகாட்டிகளுக்குத் திருப்பலாம். அவ்வாறு செய்யின் சிறுவரும் முதியோரும் இல்லத்தரசியரும் இடமும் நூலும் இழப்பர். குறுகிய பொருளில் கொண்டால், நூல் வழங்கல் குறைந்துள்ளதால் நூலகத்திற்குத் தேவை இல்லை என்று முடிவுசெய்து கிளைகளையும் பணியிடங்களையும் குறைக்கலாம். அவ்வாறு செய்யின் வேலைவாய்ப்பிற்கு வேறு துணையற்ற இளைஞர் தமக்குரிய ஒரே இடத்தை இழப்பர். இரு முடிவுகளும் ஒரே தரவிலிருந்து பிறப்பவை, இரண்டும் தவறானவை. பயில்வோரும் வாசிப்போரும் இருவேறு தேவையினர் என்று பகுத்துணர்ந்து, இடத்தையும் நேரத்தையும் நிதியையும் தனித்தனியே ஒதுக்குதலே முறையாகும்.

7. ஆய்வுமுறைக்குரிய சில வழிகாட்டுதல்கள்

மேற்கூறியவற்றின் அடிப்படையில் பின்வருவனவற்றைப் பொது நூலகப் பயனாளர் ஆய்வுகளில் கைக்கொள்ளலாம்.

(1) 'படிப்பதுண்டா' என்னும் பொதுவினாவைத் தவிர்த்து, 'நேற்று நாளிதழ் பார்த்தீர்களா', 'கடந்த மாதத்தில் கதைப் புத்தகம் எதனையேனும் முடித்தீர்களா', 'தேர்வுக்காகப் பயின்றீர்களா' என்று மக்கள் வழக்குச் சொற்களால் தனித்தனியே வினவுதல் வேண்டும்.

(2) வினாநிரலை வட்டார வழக்கறிந்தோரைக் கொண்டு முன்னாய்வு செய்து, ஒவ்வொரு சொல்லையும் மக்கள் எப்பொருளில் கொள்கின்றனர் என்று அறிதல் வேண்டும்.

(3) எடுத்துச் செல்லும் நூலை இல்லத்தில் வேறு யார் வாசிப்பர் என்று நூல் திருப்பப்படும்போது வினவிக் குறித்தல், மறைந்துள்ள பெண் வாசகரை வெளிப்படுத்தும்.

(4) கேட்டும் கிடைக்காத நூல்களுக்கெனத் தனிப் பதிவேடு ஒன்றை வழங்கும் மேசையிலேயே வைத்தல் வேண்டும். வழங்கல் பதிவேடு வழக்கத்தைக் காட்டுவது போல, இப்பதிவேடு விருப்பத்தைக் காட்டும். செலவு ஏதுமின்றிச் செய்யத்தக்கது இது.

(5) வாசிப்புக் கூடத்தைக் காலை, நண்பகல், மாலை என மூவேளையும் நேரில் நோக்கி, யார் எதனை வாசிக்கின்றனர் என்று பெயர் குறியாமல் கணக்கிடுதல் வேண்டும். வாசகர் எதை வாசிக்கிறார் என்பது அவருடைய தனியுரிமை ஆதலின், தனிமனிதரைச் சுட்டும் தரவுகளைச் சேர்த்து வைத்தல் கூடாது.

(6) நூலகத்திற்கு வாராதோரையும் ஆய்வில் சேர்த்தல் வேண்டும். வருவோரை மட்டும் வினவினால் நூலகம் இப்போதுள்ளவாறே போதுமானது என்னும் விடையே மிகுதியாகக் கிடைக்கும்.

முடிவுரை

பொது நூலகப் பயனாளரின் வாசிப்பு வழக்கம் நூலக இருப்பு, நேரம், மொழி, இடம் ஆகியவற்றால் வரையறுக்கப்படுகிறது. விருப்பமோ பெரும்பாலும் பதிவு பெறாமல் நிற்கிறது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் ஆய்வு, இருப்பதையே மீண்டும் நிலைநிறுத்தும் கருவியாகிவிடுகிறது. அதனோடு, இந்திய மொழிகள் பலவற்றில் வாசித்தலும் கற்றலும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால், கேட்பவர் ஒன்றை எண்ணிக் கேட்க, விடை கூறுபவர் மற்றொன்றை எண்ணிக் கூறும் நிலை உருவாகிறது. இதனைக் களைவதில் நூலக அறிவியலாரோடு மொழியியலாருக்கும் பங்குண்டு.

பதிவேட்டில் இடம்பெறாதோர் வாசகரல்லர் என்று கொள்ளப்படின், நாளிதழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் முதியவரும், பிறர் அட்டையில் நாவல் பெறும் பெண்ணும், தம் மொழி நூலைக் காணாது திரும்பும் சிறுபான்மையினரும் நூலகத் திட்டங்களிலிருந்து நீங்கிவிடுவர். வரி செலுத்தும் மக்களுள் இவர்களும் அடங்குவர். இவர்களுடைய வாசிப்பைக் கண்டறிந்து கணக்கில் சேர்ப்பது நூலக ஆய்வின் முதற்கடமையாகும்.